பெரம்பலூர் மண்டபத்தில் தம்போலியா சமாதானம்

தம்போலியா என்று ஒரு நாடு. அங்கே பல வருஷமாக உள்நாட்டுச் சண்டை. அதைத் தீர்த்துவைக்க உலகத்தில் வேறு ஊரே கிடைக்காமல் பெரம்பலூருக்கா வந்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். வாலிகண்டபுரம் செல்லமுத்துவும் தலையில் அடித்துக்கொண்டு அதைத்தான் கேட்டார். கேட்டு என்ன பிரயோசனம்? வந்துவிட்டார்களே!

வந்ததற்குக் காரணம் இருந்தது. உலக சமாதான ஒருங்கிணைப்பு மன்றம் என்று ஒன்று. அது பேச்சுவார்த்தை நடத்தச் சீமையிலுள்ள பெரிய பெரிய நகரங்களை எல்லாம் சொல்லிப் பார்த்தது. ஒன்றை அரசாங்கத் தரப்பு வேண்டாம் என்றது. இன்னொன்றைக் காட்டுக்குள் இருந்து சண்டை போடும் தரப்பு வேண்டாம் என்றது. இரண்டு பேருமே கேள்விப்படாத ஊராக இருந்தால் ஆட்சேபணை சொல்ல வழியிருக்காது என்று மன்றத்து மூளைக்காரர் ஒருவர் கண்டுபிடித்தார். உலகப் படத்தில் விரலை வைத்தார். பெரம்பலூர்!

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, கொஞ்ச நாளிலேயே மறுபடியும் பெரம்பலூரோடு ஒட்டவைத்திருந்த சமயம் அது. 'ஒரு தோட்டாகூடச் செலவாகாமல் பிரிந்து சேர்ந்த புண்ணிய மண்' என்று மன்றத்தின் அறிக்கையில் அதையும் புகழ்ந்திருந்தார்கள். ஒரு சாதிச் சான்றிதழுக்கு எந்த ஊர் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் ஜனங்கள் இரண்டு ஊருக்கும் அலைந்த அலைச்சல் அந்த அறிக்கையில் இல்லை.

வந்தவர்கள் இறங்கியது துறையூர் ரோட்டில் இருக்கும் அன்னபூரணி திருமண மகாலில். மூன்று நாள் பேச்சு என்று ஆடி மாதம் வந்தார்கள். ஆடியில் எவன் கல்யாணம் வைக்கப்போகிறான், மண்டபம் சும்மாதானே கிடக்கிறது என்று மானேஜர் தர்மனும் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆடி முடிந்தது. ஆவணியும் பிறந்தது. சாவி திரும்பி வரவில்லை.

ஆவணியில் அந்த மண்டபத்தில்தான் செல்லமுத்துவின் மகள் ஆர்த்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரசாத், கங்கைகொண்ட சோழபுரத்து முந்திரிக்காட்டுக்காரர் கருப்பண்ணனின் மகன். சிங்கப்பூரில் வேலை. லீவில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். வேறு நாள் பார்க்கலாம் என்றால் லீவு கிடையாது. வேறு மண்டபம் பார்க்கலாம் என்றால் ஆவணி முகூர்த்தத்தில் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஆர்த்திக்கு முன்பே ஓர் இடம் நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. அந்த மாப்பிள்ளையின் பெரியப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தவர், நிச்சயம் ஆன மறுவாரம் கண்ணை மூடிவிட்டார். உடனே பெண்ணின் ராசி சரியில்லை என்று கிளப்பிவிட்டார்கள். மண்டபம் மாட்டிக்கொண்ட சேதி வந்ததும் ஆர்த்தி வெங்காயக் காட்டுக்கே வந்து அப்பனிடம் சொன்னாள்:

"இந்தத் தடவையும் நின்னுபோச்சுன்னா இன்னொரு எடம் பாக்காதீங்கப்பா. என்னால இனிமே யாரு முன்னாடியும் காப்பித் தட்டோட போயி நிக்க முடியாது."

அழாமல் சொன்னாள். அதுதான் செல்லமுத்துவைக் குடைந்தது.

மண்டபத்துக்கு ஓடினார். வாசலில் தர்மன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெற்குச் சுவரில் பெரிய ஓட்டை.

"என்னங்க மானேஜரு, செவுரு இடிஞ்சிருச்சா?"

"இடிஞ்சா தேவலையே! இவனுவளா இடிச்சானுவ. ஒரே வாசல்ல யாரு மொதல்ல நுழையிறதுன்னு ரெண்டு தரப்புக்கும் தகராறு. அதான் ஆளுக்கொரு வாசல்னு செவுத்த ஒடச்சாங்க. இப்ப புது வாசலு ஒரு சாண் ஒசரமாப் போச்சாம். பழசையும் ஒசத்தணுமாம்."

அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் லப்பைக்குடிக்காட்டு அப்துல் ஹாதி. தம்போலியாவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். சண்டையில் கடை எரிந்து, உடுத்திய துணியோடு ஊருக்கு வந்தவர். அந்த நாட்டு பாஷை தெரிந்த ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருத்தர்தான்.

"பாய், இத்தன நாளா என்னதான் பேசுறாங்க?"

"எங்கண்ணே பேசுறாங்க? எப்படி உக்காந்து பேசுறதுன்னுதான் பேசிக்கிட்டிருக்காங்க. வட்ட மேசைன்னா அரசாங்கத்து ஜெனரல் மாட்டேங்குறாரு, சதுர மேசைன்னா காட்டுத் தரப்பு கமாண்டர் மாட்டேங்குறாரு. ரெண்டு பேருக்கும் லாட்ஜுல ஏசி ரூமு, மூணு வேளைச் சாப்பாடு, தினப்படி. எதுக்குண்ணே அவசரப்படுவாங்க?"

செல்லமுத்து முதலில் அரசாங்க அதிகாரி ஒருவரைப் போய்ப் பார்த்தார். அவர் மனுவைத் தொடக்கூட இல்லை. "சாராயக் கடையா இருந்தா நகத்தச் சொல்லலாம். இது வெளிநாட்டு சமாதானம். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. நீங்க அவங்களையே கெஞ்சிப் பாருங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

ஆக, மன்றத்தின் தலைமைத் தூதர் லிண்ட்ஹோம் துரையின் முன்னால் போய் நின்றார் செல்லமுத்து. மணமகள் அறைதான் துரையின் ஆபீஸ். சுவரில் யாரோ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகளுக்கு நடுவில் உலகப் படம் தொங்கியது. செல்லமுத்து தமிழில் சொல்ல, ஹாதி பாய் இங்கிலீஷில் சொன்னார். துரை சொன்னதை பாய் ரேடியோச் செய்தி மாதிரி சுத்தத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"எத்தனை தரப்பு சம்பந்தப்பட்டிருக்கிறது?"

"ரெண்டுதாங்க. பொண்ணு வூடு, மாப்ள வூடு."

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இரண்டு தரப்புக்கும் இடையே உடன்பாடு உண்டா?"

"அதெல்லாம் நிச்சயதாம்பூலமே மாத்தியாச்சுங்க."

"மத்தியஸ்தர் யார்?"

"யாருமில்லீங்க. நாங்களே பேசி முடிச்சுக்கிட்டோம்."

துரையின் முகம் கறுத்துவிட்டது. "மத்தியஸ்தர் இல்லாமல் ஏற்பட்ட சமாதானத்தை மன்றம் அங்கீகரிப்பதில்லை. இது பரவினால் எங்கே போய் முடியும்? தவிர, இந்த மண்டபம் இப்போது சர்வதேச சமாதானப் பகுதி. சண்டையில் இருக்கும் இரண்டு தரப்புகள் சந்திக்க மட்டுமே இதைத் தரலாம். சமாதானமாக இருப்பவர்களுக்கு இங்கே இடமில்லை."

"சாரு பெரியவங்க, எத்தனயோ சண்டையத் தீத்து வச்சிருப்பீங்க. மனசு வைக்கணும்" என்று செல்லமுத்து கும்பிட்டார்.

துரைக்கு அது பிடித்துப்போயிற்று. "ஏழு நாடுகளில் பேச்சுவார்த்தை நடத்தியிருக்கிறேன். ஒன்றில்கூட அவசரப்பட்டதில்லை. ஏழு நாட்டிலும் பேச்சு இன்றுவரை முறியவில்லை" என்றார்.

"அங்கெல்லாம் சண்டை நின்னுருச்சுங்களா?"

"சண்டை வேறு துறை" என்றார் துரை.

வெளியே வந்து இருவரும் டீக்கடையில் நின்றார்கள். ஹாதி பாய்தான் அந்த யோசனையைச் சொன்னார். "அண்ணே, நீங்க ரெண்டு சம்பந்தியும் சண்டைன்னு வாங்க. பேச்சுவார்த்தை நடத்தணும், இன்ன தேதிக்கு மண்டபம் வேணும்னு கேளுங்க. உடனே குடுத்துருவாங்க. உள்ளாற வந்துட்டீங்கன்னா, இன்ஷா அல்லாஹ், தாலியக் கட்டிட்டுப் போயிடலாம்."

அன்றைக்கே அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி மாறிக் கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேர்ந்தார் செல்லமுத்து. கருப்பண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சண்டைதானே சம்பந்தி? போட்டுட்டாப் போச்சு. கல்யாணத்துல எப்புடியும் ஒண்ணு வரத்தான போவுது, மின்னாடியே முடிச்சுக்குவோம். எத வச்சு போடலாம்?"

"நகையில கொறன்னு..."

"அது வாணாம் சம்பந்தி, நெசமாயிரும். நம்ம வெள்ளைச்சாமிக்கு நிச்சயத்தன்னிக்கு மரியாத கொறஞ்சுபோச்சுன்னு வச்சுக்குவோம். பஸ்ஸு கெடைக்காம லேட்டா வந்து ரெண்டாம் பந்தியிலதான உக்காந்தான்? அவன் தங்கமான மனுசன், சும்மா நடிக்கச் சொன்னா நடிப்பான்."

வெள்ளைச்சாமி பிரசாத்தின் தாய்மாமன். தாய்மாமன் மரியாதையைப் போய் விளையாட்டுக்கு எடுத்தார்களே, இந்த இரண்டு பெரிய மனுஷர்களையும் எதைக் கொண்டு அடிக்க! நம் ஊரில் வரப்புத் தகராறு ஆறிப்போகும், வெட்டுக்குத்துகூட ஒரு தலைமுறையில் ஆறிப்போகும். மாமனுக்கு இலை பிந்திய கதை மட்டும் பேரன் கல்யாணம் வரைக்கும் வரும்.

குறித்த நாளில் மூன்று பேரும் துரையின் முன்னால் நின்றார்கள். வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "நான் மாமங்காரன். எனக்கு ரெண்டாம் பந்தியில எல போட்டாங்க."

"அப்புடியெல்லாம் நடக்கலீங்க" என்றார் செல்லமுத்து, சொல்லிக்கொடுத்தபடி.

துரை உதட்டைப் பிதுக்கினார். "பகைமை போதவில்லை. மன்றம் கடுமையான மோதல்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும்."

வெள்ளைச்சாமி கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினார். போதவில்லை. கருப்பண்ணன் மேசையைத் தட்டினார். அதுவும் போதவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார். செல்லமுத்துவுக்கு மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. வாயில் வந்ததை எடுத்துவிட்டார்.

"என்னய்யா பெரிய மரியாத? ரெண்டாம் பந்தியில உக்காந்தாலும் நாலு தரம் பாயசம் வாங்கிக் குடிச்ச ஆளுதான நீயி!"

வெள்ளைச்சாமியின் தோளில் கிடந்த துண்டு நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"அப்ப எண்ணிக்கிட்டுத்தான் இருந்திருக்க" என்றார் மெதுவாக. கருப்பண்ணன் பக்கம் திரும்பி, "வாய்யா மாமா, போவலாம். இவன் மனசுல இருந்தது இன்னிக்கு வெளில வந்துருச்சு" என்றார். கருப்பண்ணன் ஏதோ சமாதானம் சொல்லப் போய், "ஒனக்கும் எனக்கு மரியாத கொறஞ்சது வெளையாட்டாத்தான தெரியுது?" என்று அவருக்கும் சேர்த்து விழுந்தது. அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் மாமன் பக்கம்.

துரை எழுந்து செல்லமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமை! கேட்ட தேதியில் மண்டபம் உங்களுக்கே."

வீட்டில் மனைவி பச்சையம்மாள் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "மண்டபத்த வாங்கிட்டு மாப்ளயத் தொலச்சுட்டு வந்துருக்கீங்களே! நீங்க மனுசனா? எவனோ தொரை பத்தலன்னா, பாயசத்தச் சொல்லிக் காட்டுவீங்களா?" செல்லமுத்து போன் போட்டார். கருப்பண்ணன் எடுக்கவில்லை. பிரசாத் எடுத்தான். "மாமா, முகூர்த்தத்துக்கு வரோம். ஆனா மாமன் மணவறைக்கு வந்து என்னக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாத்தான் தாலின்னு அப்பா சொல்லிட்டாரு. மாமன் அசைய மாட்டேங்குறாரு" என்றான்.

கல்யாண நாள் காலையில் மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள் அசந்துபோனார்கள். மணவறைக்கு நடுவிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு நீலக் கயிறு. இந்தப் பக்கம் பெண் வீடு, அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு. நீலப் பட்டை அணிந்த மன்றத்துக் கண்காணிப்பாளர்கள் இரண்டு பேர் கயிற்றோரமாக நடந்தார்கள். அந்தப் பக்கத்துப் பெரியம்மாவுக்கு இந்தப் பக்கமிருந்து சந்தனம் கொடுக்கப் போனவளை விசிலடித்துத் திருப்பி அனுப்பினார்கள். மேளக்காரரிடம் கெட்டிமேளம் துப்பாக்கிச் சத்தம் போலக் கேட்கும், சைகை கொடுக்காமல் கொட்டக்கூடாது என்று சொல்லியிருந்தது. சமையல்கட்டில் அரிவாள்மனைகளை ஆயுதம் என்று பிடித்து அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

சமையல்காரர் ஒப்பாரி வைக்காத குறை. பெண்டுகள் உட்கார்ந்து பீன்ஸைக் கையாலேயே ஒடித்தார்கள். அவர்களோடு ஒரு தம்போலியாக்கார அம்மாவும் ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான ஆள், மரியாமா என்று பேர். ஜனங்கள் சார்பில் பேச வந்தவளாம். மேசையில் இரண்டு தரப்புக்குத்தான் நாற்காலி என்பதால் அவளை இதுவரை உள்ளேயே கூப்பிடவில்லை. பாஷை தெரியாவிட்டாலும் பச்சையம்மாள் அவளுக்குத் தலையில் பூ வைத்துவிட்டிருந்தாள்.

முகூர்த்த நேரம் நெருங்கியது. ஆர்த்தி கயிற்றுக்கு இந்தப் பக்கம் மனையில் உட்கார்ந்திருந்தாள். பிரசாத் அந்தப் பக்கம் நின்றான். வெள்ளைச்சாமி கடைசி வரிசையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். துரை மைக்கைப் பிடித்தார். ஹாதி பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அன்பர்களே! சமாதானம் என்பது ஒரு பயணம். போய்ச் சேர்ந்துவிட்டால் பயணம் முடிந்துவிடும். எனவே நிதானம் வேண்டும். முதல் கட்டமாக இரு தரப்பும் இன்று குங்குமம் பரிமாறிக்கொள்ளும். மாலை மாற்றுவது குறித்துக் குழு அமைக்கப்படும். தாலி என்பது இறுதிநிலைப் பிரச்சினை. அது தை மாதம் பரிசீலிக்கப்படும்."

ஐயர் பதறினார். "முகூர்த்தம் தாண்டப்போறது ஓய்!" முன் வரிசையில் ஜெனரலும் கமாண்டரும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். இத்தனை நாளில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

ஆர்த்தி தலை நிமிரவில்லை. ஆனால் மாலை மட்டும் நடுங்கியது. பச்சையம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றைக் காலால் மிதித்துத் தாண்டி, நேரே கடைசி வரிசைக்குப் போனாள். கண்காணிப்பாளர் ஒருவன் குறுக்கே கையை நீட்டினான். "நவுருடா!" என்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"அண்ணே, அன்னிக்கு ஒங்களுக்கு எல போட்டு வைக்காதது என் தப்பு. பஸ்ஸு வரல, நீங்க வர மாட்டீங்கன்னு நானா நெனச்சு எடுத்துட்டேன்."

வெள்ளைச்சாமி முகத்தைத் திருப்பவில்லை. "ஒரு எல, தங்கச்சி. மொத பந்தியில ஒரு எலயப் போட்டு வச்சிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? அதுகூடப் போவுது. குடிச்ச பாயசத்தச் சொல்லிக் காட்டினாரே ஒன் வூட்டுக்காரரு."

செல்லமுத்துவும் தட்டுத்தடுமாறிக் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார். "மச்சான், தொரை பத்தல பத்தலன்னாரு. பொண்ணு கல்யாணம் நின்னுபோயிருமோன்னு பயம். வாயில வந்தத ஒளறிட்டேன். எம் மேல காறித் துப்புங்க, வாங்கிக்கிறேன். அவளக் கைவிட்டுறாதீங்க." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

வெள்ளைச்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், நாலு தரம் இல்லய்யா. ரெண்டு தரந்தான் வாங்கினேன்" என்றார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. எழுந்தார். பிரசாத்தின் கையைப் பிடித்தார். கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்துப் போட்டுவிட்டு மணவறைக்கு நடந்தார். அவ்வளவுதான், மாப்பிள்ளை வீட்டு ஜனம் முழுக்க இந்தப் பக்கம், பெண் வீட்டு ஜனம் முழுக்க அந்தப் பக்கம். "நேரடித் தொடர்பு! அனுமதியில்லாத நேரடித் தொடர்பு!" என்று துரை கத்தினார். இரண்டு கண்காணிப்பாளர்களும் விசிலை ஊதினார்கள். தவில்காரர் அதுதான் சைகை என்று நினைத்துக் கெட்டிமேளத்தைப் போட்டு வெளுத்துவிட்டார். தாலி ஏறியது.

பந்தி நடக்கும்போது துரை மன்றத்தின் முடிவை அறிவித்தார். நடந்தது பாரதூரமான எல்லை மீறல். இரு தரப்பும் மத்தியஸ்தர் இல்லாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, பெண்ணும் மாப்பிள்ளையும் போகும் கங்கைகொண்ட சோழபுரத்து வீட்டில் இரண்டு கண்காணிப்பாளர்களும் ஒரு வருஷம் தங்கி நிலைமையைக் கவனிப்பார்கள்.

"எங்க வூட்டுலயா?" என்று கருப்பண்ணன் வாயைப் பிளந்தார். எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மாள் பக்கத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மரியாமா மட்டும் என்ன விஷயம் என்று ஹாதி பாயைக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, அடங்கிய குரலில் என்னவோ சொன்னாள்.

"என்ன பாய்?" என்றார் செல்லமுத்து.

"அவங்க ஊருல பொம்பளைங்க தண்ணிக்குப் போற கெணத்தடியில வச்சுச் சுடுறாங்களாம். ரெண்டு தரப்பும்தான். நீலப் பட்டை போட்டவங்க ரெண்டே பேரு வந்து சும்மா நின்னாப் போதும், சுட மாட்டாங்க, அனுப்புங்கன்னு மன்றத்துக்கு எழுதிக்கிட்டே இருக்காங்களாம். ஆள் இல்லன்னு பதில் வந்துச்சாம். இவங்க மக அந்தக் கெணத்தடியிலதான் குண்டு பட்டு மவுத்தாப்போச்சாம். ஒங்க மக வயசுதானாம்."

செல்லமுத்து திரும்பிப் பார்த்தார். மணவறைப் பக்கம் ஆர்த்தி சிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்தார். எச்சில் கையோடு துரையிடம் போய் நின்றார்.

"ஐயா, இந்த ரெண்டு பேரும் எங்களுக்கு வேணாங்க. எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், இவங்கள அந்தம்மா ஊருக்கு அனுப்பிவைங்க."

பாய் சொன்னதைக் கேட்டுத் துரை திடுக்கிட்டுப் போனார். பதறிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"அங்கேயா? அங்கே எப்படி அனுப்புறதுன்னு கேக்குறாரு" என்றார் ஹாதி பாய். "அங்கே சண்டை நடக்குதாம்."

தமிழில் சொல்லிவிட்டார். அதையே தன் பாஷையில் எப்போது சொல்வார் என்று மரியாமா பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.